ரங்கநாதர் கொடுக்காத விபூதி

இந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். ஊர் என்றால் அயர்லாந்தில் லிமெரிக். பள்ளிக்கூடப் பிள்ளைகள், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வரும் தாய்மார்கள், மதியமே கொஞ்சம் ஏற்றிக்கொண்டு தள்ளாடுகிறவர்கூட, படியில் கால் வைக்கும் முன் டிரைவர் பக்கம் தலையைத் திருப்பி "தேங்க்ஸ் எ மில்லியன்" என்கிறார்கள். பத்து லட்சம் நன்றி! எதற்கு? இரண்டு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்டதற்கு! வந்த புதிதில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. நான் திருச்சிக்காரி. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்து, இறங்குகிறவர்களை இடித்துக்கொண்டு ஏறி வளர்ந்தவள். டிரைவரைப் பார்த்து நாங்கள் சொன்னதெல்லாம் வேறு வார்த்தைகள், அவற்றை இங்கே எழுத முடியாது. மூன்று வருடம் ஆகிவிட்டது, இப்போது நானும் நன்றி சொல்லித்தான் இறங்குகிறேன். சொல்லும்போதெல்லாம், சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லாமல் விட்டது உறுத்துகிறது. அந்த வரிசையில் முதல் ஆள் காட்டூர் சரோஜாம்மா.

என் தொழில் கவுன்சலிங். மனசு கனத்துப்போய் வருகிறவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்கிற வேலை. பெயர் பிலோமினா. எங்கள் மேலப்புதூரில் மாதா கோயில் பக்கம் நின்று பிலோமினா என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். இங்கேயோ அது எழுபது வயதைத் தாண்டிய அயர்லாந்துப் பெண்மணிகளின் பெயராம். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் அறைக்குள் வந்த பெண் என்னைப் பார்த்துவிட்டு, "மன்னிக்கணும், நான் பிலோமினாவைப் பார்க்க வந்தேன்" என்றாள். "நான்தான்" என்றேன். அவள் நம்பாமல் வெளியே போய்க் கதவில் இருந்த எண்ணைச் சரிபார்த்துவிட்டு வந்தாள். வெள்ளைத் தலையும் கம்பளிச் சட்டையுமாக ஒருவரை மனதில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், பாவம்.

இங்கே கவுன்சலிங் என்பது பல் டாக்டரிடம் போவதைப் போலத்தான். வாசலில் கொட்டை எழுத்தில் போர்டு. பட்டப்பகலில், தனியாக, கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மழையைப் பற்றி இரண்டு வார்த்தை. பிறகு ஐம்பது நிமிடம் அழுகை. எழுந்து, மூக்கைத் துடைத்து, "தேங்க்ஸ் எ மில்லியன், பிலோமினா." போய்விடுகிறார்கள். திருச்சியில் பதினோரு வருடம் இதே வேலையைச் செய்திருக்கிறேன். ஒரு ஆள்கூட எனக்கு நன்றி சொன்னதில்லை. "சாப்டீங்களா மேடம்?" என்பார்கள். "வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?" என்பார்கள். முருங்கைக்காய் கொண்டுவந்து தருவார்கள். ஆனால் நன்றி? ம்ஹூம்.

திருச்சியில் கவுன்சலரிடம் போகிறவர்கள் ஆற்றைத் தாண்டித்தான் போவார்கள். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. டவுன்காரர்கள் டவுனில் இருக்கிற கவுன்சலரிடம் போனால் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடும். அதனால் அவர்கள் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வருவார்கள். ஸ்ரீரங்கத்துக்காரர்களோ அதே காரணத்துக்காக டவுனுக்குப் போவார்கள். என் அறை இருந்தது அம்மாமண்டபம் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். போர்டில் 'கல்வி வழிகாட்டி மையம்' என்று போட்டிருந்தேன். கவுன்சலிங் என்று போட்டால் ஒரு காக்கா குருவி வராது. வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள், அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு வருவது ஒரே ஒரு வாக்கியம்தான்: "கோயிலுக்குப் போயிட்டு வரேன்." ஸ்ரீரங்கத்துக்கு வந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் யாரால் கேட்க முடியும்? அதிலும் அவர்கள் முழுப்பொய் சொல்ல மாட்டார்கள். என்னிடம் அழுது முடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குப் போய், ஒரு கும்பிடு போட்டு, துளசி வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். அதற்காகவே நான் பத்து நிமிடம் முன்னதாக முடித்துவிடுவேன். கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு வருகிறவர்கள் எனக்கும் பிரசாதம் தருவார்கள். எனக்கு அதை என்ன செய்வதென்று தெரியாது. சாமி பொருளைக் குப்பையில் போட மனசு வராது, வீட்டில் மாதா படத்தின் முன் வைக்கவும் கூச்சம். அப்படியே மேசை டிராயரில் போட்டுவைப்பேன். வருடக்கணக்கில் பொட்டலங்கள் சேர்ந்து கிடந்தன.

கலைச்செல்வி அப்படி வந்தவள்தான். (கலைச்செல்வி அவள் பெயரில்லை, அவள் மாமியாரின் பெயர் சரோஜாவும் இல்லை. எழுதட்டுமா என்று வாட்ஸப்பில் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க மேடம். அத்தைகிட்டயும் கேட்டுட்டேன். என்னை நல்லவளா போடச் சொல்லுன்னாங்க. நீங்க உள்ளத எழுதுங்க" என்று பதில் வந்தது.) எம்.காம். படித்தவள், முப்பதைத் தொடுகிற வயது. காட்டூரில் கணவனோடும் மாமியாரோடும் இருந்தாள். நிறைமாதத்தில் அவள் குழந்தை ஆஸ்பத்திரியிலேயே தவறிவிட்டது. பெண் குழந்தை. அவள் வீடு திரும்புவதற்குள் தொட்டில், துணிமணி, பால் புட்டி எல்லாம் வீட்டிலிருந்து போயிருந்தன. அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் அவளிடம் டிவி சீரியலைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் பேசினார்கள். "எனக்கு நடந்தது நெஜமான்னே சந்தேகமா இருக்கு மேடம்" என்றாள் முதல் நாள். அழவில்லை. அழவே முடியவில்லை என்பதுதான் அவளுடைய கஷ்டம்.

சனிக்கிழமைதோறும் வருவாள். பெருமாள் கோயிலுக்குச் சனிக்கிழமை போவதை எந்த மாமியார் தடுப்பார்? மூன்றாவது வாரம்தான் ஒன்று சொன்னாள். சத்திரத்தில் இறங்கி அடுத்த பஸ் பிடிக்காமல் காவிரிப் பாலத்தில் நடந்தே வருகிறாளாம். நடுப்பாலத்தில் கொஞ்ச நேரம் நிற்பாளாம். "எதுக்கு நிக்கிறே?" என்றேன். "தெரியல மேடம். நிக்கத் தோணுது." கேட்க வேண்டிய கேள்விகளை ஒளிவுமறைவில்லாமல் கேட்டேன், செய்ய வேண்டியதைச் செய்தேன், அந்தப் பக்கம் தனியாக நடப்பதில்லை என்று அவளிடம் வாக்கு வாங்கினேன். வீட்டில் ஒருவரிடமாவது நான் பேச வேண்டும் என்றேன். மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். "தெரிஞ்சா விட மாட்டாங்க மேடம். வீட்டு விஷயத்தை வெளிய பேசிட்டேன்னு ஆயிடும். அப்புறம் சனிக்கெழமையும் கெடையாது." வருகிறவர்கள் பூர்த்தி செய்ய நான் ஒரு படிவம் வைத்திருந்தேன். அதில் கடைசிக் கட்டம், 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?' அந்தக் கட்டத்தில் அவள் குறுக்கே ஒரு கோடு போட்டிருந்தாள்.

ஆறாவது சனிக்கிழமை அழுதாள். அவளாகவே, நான் ஒன்றும் கேட்காமலே, "அவளுக்குப் பேரு வச்சிருந்தேன் மேடம்" என்றாள். பெயரைச் சொன்னாள். அதற்குப் பிறகு அழுகை நிற்கவில்லை. ஐம்பது நிமிடமாவது மண்ணாவது! இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. முகம் கழுவிவிட்டு மணியைப் பார்த்தவள் பதறிவிட்டாள். கோயிலுக்குப் போக நேரமில்லை. "துளசி இல்லாம போனா அத்தை கேப்பாங்களே!" அவளைவிட நான் பதறினேன். இவ்வளவு நாள் கழித்து இன்றைக்குத்தான் வாய் திறந்திருக்கிறாள், இன்றைக்கா மாட்டிக்கொள்ள வேண்டும்? டிராயரை இழுத்தேன், கைக்கு வந்த ஒரு பொட்டலத்தை எடுத்தேன், காகிதம் கிழிந்திருந்ததால் சிந்தாமல் இருக்க ஒரு கவரில் போட்டு ஒட்டி அவள் கையில் திணித்தேன். "ஓடு, ஓடு" என்றேன். அவளும் பிரித்துப் பார்க்காமல் ஓடினாள். இந்த வேலை செய்கிற எவளும் செய்யக்கூடாத காரியம். தன்னிடம் வந்தவளின் பொய்க்குத் தானே சாட்சி தயாரித்துக் கொடுப்பது! அதையும் உருப்படியாகச் செய்தேனா?

இதை லிமெரிக்கில் மோரினிடம் சொல்லிப் பார்த்தேன். இந்த நாட்டில் ஒவ்வொரு கவுன்சலரும் மாதம் ஒருமுறை ஒரு மூத்த கவுன்சலரிடம் போய்த் தன் வேலையைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு வாய்த்தவர் மோரின். நல்ல மனுஷி. என் ஆங்கிலம் தடுமாறினால் காத்திருப்பார். "நான் அவளுக்குச் சாம்பல் கொடுத்தேன்" என்று ஆரம்பித்தேன். மோரினின் முகம் வெளுத்தது. "யாருடைய சாம்பல், பிலோமினா?" குழந்தையை இழந்த பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது சாம்பல் என்றால் அவர் வேறென்ன நினைப்பார்? ஐயையோ, அதில்லை என்று பதறி, "பசுஞ்சாணத்தைச் சுட்டெடுத்த சாம்பல்" என்று விளக்கினேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று. துக்கத்தில் இருக்கிற பெண்ணுக்கு எதற்காகச் சாணச் சாம்பலைக் கொடுத்தீர்கள் என்று மெதுவாக, எனக்கு வலிக்காமல், கேட்டார். ஆற்றைத் தாண்டுவதையும் துளசியையும் மாமியாரையும் விளக்கி முடிப்பதற்குள் எங்கள் நேரம் முடிந்துவிட்டது.

ஆம், அந்தப் பொட்டலத்தில் இருந்தது விபூதி. பக்கத்துத் திருவானைக்காவல் சிவன் கோயிலுக்குப் போய்வந்த யாரோ எனக்குக் கொடுத்தது. ஸ்ரீரங்கம் பெருமாள் கோயிலில் விபூதி தர மாட்டார்கள் என்பது திருச்சியில் கைக்குழந்தைக்கும் தெரியும். மேலப்புதூர் பிலோமினாவுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் பிரித்துப் பார்த்தால்தானே! அடுத்த சனிக்கிழமை கலைச்செல்வி வரவில்லை. போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கூப்பிட வேறு நம்பர் இல்லை. படிவத்தில் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாலையில் பாலம் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தேன். என்ன பார்ப்பதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. செவ்வாய்க்கிழமை வரை சாப்பாடு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அறுபது வயதுக்கு மேலான ஒரு அம்மா வந்து நின்றார். இழுத்துக் கட்டிய புடவை, கையில் மஞ்சள் பை.

"நீங்கதான் வழிகாட்டுறவங்களா?"

"ஆமாங்கம்மா, உக்காருங்க."

உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு கவரை எடுத்து மேசையில் வைத்தார். 'கல்வி வழிகாட்டி மையம், அம்மாமண்டபம் சாலை, ஸ்ரீரங்கம்' என்று நீல மையில் பளிச்சென்று அச்சாகியிருந்தது. என் கவர். நான் அச்சடித்து வைத்திருந்த அதே கவர். அடி மடச்சி, திருட்டுப் பொருளை முகவரி போட்டா அனுப்புவாய்!

"எனக்கு அறுபத்தி மூணு வயசு ஆவுது. எத்தனையோ தடவை கோயிலுக்கு வந்திருக்கேன்" என்றார் அந்த அம்மா. "ரங்கநாதர் எப்பம்மா விபூதி குடுக்க ஆரம்பிச்சாரு?"

நான் அந்தக் கவரைத் திருப்பி, அச்சு தெரியாதபடி கவிழ்த்து வைத்தேன்.

"அவ எம்.காம். முடிச்சு ஏழு வருஷம் ஆச்சு. வாரா வாரம் நீங்க அவளுக்கு என்ன கல்வி வழிகாட்டுறீங்க?"

"யாரைச் சொல்றீங்கன்னு தெரியலைங்களே" என்றேன். யார் வந்தார்கள் என்பதைக்கூட வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்களுக்குப் பொய் சொல்ல வரலை, விடுங்க" என்றவர், அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அந்த மிடுக்கெல்லாம் போய்விட்டது. "கேட்டது என் தப்புதாங்க. உங்ககிட்ட கேட்டதைத்தான் அவகிட்டயும் சும்மா சிரிச்சுக்கிட்டே கேட்டேன். அவ அப்படியே உக்காந்துட்டா. பத்து நாளாச்சு, வாயே தொறக்கல."

உயிரோடு இருக்கிறாள். எனக்கு அது போதும். ஆனாலும், "நான் எதுவும் சொல்ல முடியாதுங்கம்மா. யாரைப் பத்தியும் சொல்லக் கூடாது" என்றுதான் சொன்னேன்.

அந்த அம்மாதான் சரோஜாம்மா. சத்துணவுக் கூடத்தை இருபத்தைந்து வருடம் கட்டி மேய்த்து ஓய்வு பெற்றவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். விதி என்றால் என்ன, அதற்குள் எப்படிக் காரியம் செய்வது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சரி, எங்க வீட்டைப் பத்திப் பேச வேணாம். ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருக்கான்னு வச்சுக்குங்க."

"வச்சுக்கறேன்."

"நெறமாசத்துல புள்ள தவறிப்போச்சு. அவ வர்றதுக்குள்ள மாமியாக்காரி எல்லாத்தையும் எடுத்து வெளிய குடுத்துட்டா. யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டா. அழுவாளேன்னுதான். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சா."

"தெரியுதுங்கம்மா. அந்த மாமியாருக்கு அந்தப் பொண்ணுமேல உயிரு."

சரோஜாம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். "இப்ப அந்த மாமியா என்ன பண்ணணும்?"

"பக்கத்துல உக்காரணும். அழாதேன்னு சொல்லக் கூடாது. டாக்டர் ஒருத்தர் பேரு எழுதித் தரேன், அங்கயும் ஒருதடவை கூட்டிட்டுப் போகணும். அப்புறம்..." நான் நிறுத்தினேன். உயிர் சம்பந்தப்பட்டது என்றால் விதியே வழிவிடுகிறது. "அந்தப் பொண்ணைத் தனியா பாலத்துல நடக்க விடக் கூடாதுங்கம்மா."

"பாலமா?" என்றார். மஞ்சள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "சனிக்கெழம ஆனா அவ திரும்பி வர்ற வரைக்கும் தெருமொனையிலயே நிப்பேன். எதுக்கு நிக்கிறேன்னு எனக்கே தெரியாது" என்றார்.

பிறகு, "பேச்சை எப்படிங்க ஆரம்பிக்கிறது? அவளைப் பாத்தா எனக்கு வாயே வரமாட்டேங்குது" என்று கேட்டார். ஒரு ஊர்ல ஒரு பொண்ணு என்பதையெல்லாம் அவர் மறந்துவிட்டார்.

"புள்ளைக்கு என்ன பேரு யோசிச்சு வச்சிருந்தேன்னு கேளுங்க."

"பேரே வைக்கலையேம்மா."

"பெத்தவ மனசுல வச்சிருப்பா."

புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு சரோஜாம்மா அழுதார். எங்கள் இருவருக்கும் இடையே அந்த விபூதிக் கவர் கிடந்தது. கடைசியில் அதை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டார். "இருக்கட்டும், இதுவும் சாமிதானே" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். பாலத்தைச் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குச் சந்தேகமில்லை. பெயரைப் பற்றிச் சொன்னது விதிப்படி தப்பு. அது கலைச்செல்வியின் ரகசியம். பெயர் என்ன என்று நான் சொல்லவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு சமாதானம் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். பஸ்ஸிலேயே வந்தார்கள், நடந்து வரவில்லை. கலைச்செல்வியின் கண் இரண்டும் வீங்கியிருந்தன, அதைப் பார்த்ததும் எனக்கு அப்படியொரு நிம்மதி. உள்ளே வந்தவள் உட்காருவதற்கு முன் தன் படிவத்தைக் கேட்டு வாங்கினாள். அந்தக் கோட்டுக்கு மேலேயே 'அத்தை' என்று எழுதி ஒரு நம்பரையும் எழுதினாள். சரோஜாம்மா வாசலிலேயே நின்று, "நீ பேசிட்டு இரு. நான் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்றார். யாருக்காக அவள் அத்தனை வாரம் பொய் சொன்னாளோ, அவரே அவளுக்காகக் கோயிலுக்குப் போகத் தொடங்கினார். ஒரு வருடம், ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. திரும்பி வரும்போது எனக்கும் ஒரு பொட்டலம் இருக்கும். மேலே பால்பாயின்ட் பேனாவால் 'ஸ்ரீரங்கம்' என்று எழுதியிருப்பார். "கலந்துடாதீங்க மேடம்" என்பார். வழியில் ஆனைக்காவில் இறங்கியிருந்தால் 'ஆனைக்கா' என்று எழுதிய பொட்டலம் தனியாக வரும். என் டிராயரையே ஒருநாள் பிரித்து அடுக்கி வைத்துவிட்டுப் போனார்.

ஒரு சனிக்கிழமை உள்ளே கலைச்செல்வி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். சரோஜாம்மா படியில் நின்றபடி, யாரிடம் சொல்கிறார் என்று இல்லாமல் சொன்னார்: "இன்னிக்குத் தாயார் சன்னதியில இனியா பேருக்கு அர்ச்சனை பண்ணேன்." கலைச்செல்வி அப்படியே நிமிர்ந்தாள். இனியா. ஆறாவது வாரம் என்னிடம் சொன்ன பெயர். "அர்ச்சகர் பேரு, நட்சத்திரம்தான் கேட்டாரு. சொன்னேன். இருக்காளான்னா கேட்டாரு? கேக்கல" என்றார் சரோஜாம்மா. மாமியாரும் மருமகளும் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார்கள். கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் படித்த படிப்பில் இதற்குச் சமமாக ஒன்றும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

பிறகு என் கணவர் லூர்துவுக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் புறப்பட்டோம். கலைச்செல்வி என்னிடம் வருவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் சரோஜாம்மா வந்தார், மூன்று பொட்டலங்களோடு. 'ஸ்ரீரங்கம்', 'ஆனைக்கா', மூன்றாவதில் 'மாதா'. "உங்க சாமிகிட்டயும் போயிட்டு வந்தேன். அங்க என்ன குடுப்பாங்கன்னு தெரியல. மெழுகுவத்தி வாங்கிட்டு வந்தேன்" என்றார். நான் அப்போதாவது நன்றி சொன்னேனா? "பஸ் கிடைச்சுதாம்மா?" என்று கேட்டேன். அவ்வளவுதான்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நான் படுத்துவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் சொல்கிறவளுக்கே வந்தால் அதன் பெயர் தெரியாமலா போகும்? ஒரு கவுன்சலரைத் தேடிப் பிடித்தேன். லூர்துவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "லைப்ரரிக்குப் போயிட்டு வரேன்." வெட்கக்கேடு! பதினோரு வருடம் மற்றவர்களிடம் இதில் கூச்சப்பட என்ன இருக்கிறது என்று கேட்ட வாய். பொய் முழுப்பொய்யாக இருக்கக்கூடாது என்று திரும்பும் வழியில் லைப்ரரியில் நுழைந்து கைக்கு வந்த புத்தகத்தை எடுத்து வருவேன். லூர்து ஒருநாள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "பிலோ, தோட்டம் போடறதைப் பத்தி மூணாவது தடவையா இதே புஸ்தகத்தை எடுத்துட்டு வந்திருக்கே. நாம இருக்கறது ரெண்டாவது மாடி." நான் சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தேன். விபூதி மறுபடியும் மாட்டிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து லூர்து என்னோடு வந்து, நான் பேசிவிட்டு வரும் வரை அந்த லைப்ரரியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் ஒரு நன்றி பாக்கியிருக்கிறது.

தேறிய பிறகுதான் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கேயும் ஒரு படிவம், இங்கேயும் அதே கட்டம். அவசரத்துக்கு இரண்டு பேர். லூர்துவின் பெயரை எழுதினேன். வார்டில் இருக்கும்போது அவர் போன் லாக்கரில் கிடக்கும். இரண்டாவது பெயர்? இந்த ஊரில் எனக்கு யார்? அந்தக் கட்டம் இரண்டு வருடம் காலியாகவே இருந்தது. கலைச்செல்வி போட்ட கோட்டின் அர்த்தம் அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. போன மாதம் அலுவலகத்தில் படிவத்தைப் புதுப்பிக்கக் கொடுத்தார்கள். யோசிக்காமல் எழுதினேன்: சரோஜா, காட்டூர், திருச்சிராப்பள்ளி. உறவு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். வாங்கிப் பார்த்த பெண் தயங்கினாள். "அவசரம் என்றால் இவர் ரொம்பத் தூரத்தில் இருக்கிறாரே, பிலோமினா?" "பரவாயில்லை, போனை எடுப்பார்" என்றேன்.

எடுப்பார். சனிக்கிழமைகளில் அவரேதான் கூப்பிடுவார். மோரினிடம் இதைச் சொன்னபோது அவர் புருவம் உயர்ந்தது, பிறகு அவராகவே இறக்கிக்கொண்டார். "அவருக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். போன சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கி, டிரைவருக்குப் பத்து லட்சம் நன்றியைக் கொடுத்துவிட்டு, ஷானன் ஆற்றுப் பாலத்தில் ஏறினேன். வீடு அந்தக் கரையில். நல்ல காற்று. கீழே ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது, காவிரியில் புதுத்தண்ணீர் வந்த நிறம். போன் அடித்தது. மேடம் போய்ப் பிலோமினாவாகி, நீங்க போய் நீயாகிவிட்ட குரல்.

"பிலோமினா, சாப்டியா?"

"ஆச்சும்மா. கலை எப்படி இருக்கா?"

"நல்லாருக்கா. ரெண்டு பேரும் இப்பத்தான் கோயிலுக்குப் போயிட்டு வந்தோம். எங்க இருக்கே, ஒரே எரைச்சலா இருக்கு?"

"பாலத்துல நிக்கிறேம்மா. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "தேங்க்ஸ்ம்மா."

"எதுக்கு?"

"விபூதிக்கு."

"அது நீ குடுத்ததுல்ல!" என்று சிரித்தவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார். "எங்க நிக்கிறேன்னே?"

"பாலத்துல. நடுவுல."

"அங்க எதுக்கு நிக்கிறே? நடந்துக்கிட்டே பேசு."

நடந்தேன். அவர் வெயிலைப் பற்றிச் சொன்னார். கத்தரிக்காய் காய்த்ததைச் சொன்னார். நடுநடுவே, "தாண்டிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"இன்னும் இல்லம்மா."

"அப்ப போனை வைக்காதே. அந்தக் கரைக்குப் போயிட்டுச் சொல்லு, வச்சுடறேன்."